மலைப் பட்டறைக்கு அரசு ஆராய்ச்சி நிதி: நீலகிரியில் புதிதாகத் தொடங்குவோருக்கு

பொறியியல் படித்துவிட்டு வீட்டுப் பின்கட்டிலோ வாடகைக் கடையிலோ ஏதாவது ஒரு கருவியைச் செய்துபார்க்கும் இளைஞர்கள் குன்னூர், கோத்தகிரி, ஊட்டி என எல்லாப் பக்கமும் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “அரசாங்கம் ஆராய்ச்சிக்குப் பணம் தருதாமே, அதை எப்படிண்ணா வாங்குறது?” ஆற்றல், பாதுகாப்பு ஆகிய இரண்டு துறைகளில் இந்தக் கேள்விக்கு இன்று உருப்படியான பதில் இருக்கிறது. கொஞ்சம் நீளமான பதில், அவ்வளவுதான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மாவட்டத் தொழில் மையத்தில் சொல்லும் நீட்ஸ், பிஎம்இஜிபி போன்றவை மானியத்தோடு வரும் வங்கிக் கடன்கள். பேக்கரி வைக்க, அச்சகம் போட, அதாவது தெரிந்த தொழிலைத் தொடங்க அவை சரி. இங்கே நாம் பேசுவது வேறு பணம். ‘இது வேலை செய்யுமா என்றே தெரியாது, செய்துதான் பார்க்க வேண்டும்’ என்ற நிலையில் இருக்கும் யோசனைக்கு அரசு போடும் பணம். பெரும்பாலும் கடன் கிடையாது, வட்டி கிடையாது. ஆனால் கணக்குக் கேட்பார்கள், பைசா சுத்தமாகக் கேட்பார்கள்.

இதற்கு எல்லோரும் காட்டும் முன்மாதிரி அமெரிக்காவில் இருக்கிறது. பெரிய ஆராய்ச்சி பட்ஜெட் வைத்திருக்கும் மத்தியத் துறைகள் அதில் ஒரு பங்கைச் சிறு நிறுவனங்களுக்கென்று ஒதுக்கியே ஆக வேண்டும் என்று 1982இல் அங்கே சட்டம் போட்டார்கள். பாதுகாப்புத் துறையும் எரிசக்தித் துறையும் அதில் அடக்கம். மூன்று கட்டம் வைத்தார்கள். முடியுமா என்று சிறு தொகையில் பார்ப்பது முதல் கட்டம். முடியும் என்று தெரிந்தால் பெரிய தொகையில் செய்து காட்டுவது இரண்டாவது. மூன்றாவது கட்டத்துக்கு அந்தத் திட்டத்தில் பணம் கிடையாது, விற்றுத்தான் பிழைக்க வேண்டும். குன்னூரில் உட்கார்ந்துகொண்டு அதற்கு விண்ணப்பிக்க முடியாது. அமெரிக்கர் வசம் பெரும்பங்கு உள்ள நிறுவனமாக இருக்க வேண்டும். ‘வாங்கித் தருகிறேன், முன்பணம் கொடுங்கள்’ என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அந்த மூன்று கட்டக் கணக்கை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். நம் நாட்டுத் திட்டங்கள் பல அலுவலகங்களில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை இந்த வரிசையில் அடுக்கிப் பார்த்தால்தான் பாதை புரியும்.

1. பிரச்சினையின் சொந்தக்காரரைப் பிடியுங்கள்

விண்ணப்பத்தில் தோற்பவர்களில் பெரும்பாலோர் கருவியிலிருந்து தொடங்குகிறார்கள். ‘செயற்கை நுண்ணறிவு கேமரா செய்திருக்கிறேன், இதற்கு எந்தத் திட்டம் பொருந்தும்?’ என்று தேடுகிறார்கள். தேர்வுக் குழுவில் உட்காருபவர் பார்ப்பது வேறு: யாருக்கு வலிக்கிறது, அந்த வலிக்கு இன்று அவர் என்ன செலவு செய்கிறார்?

இந்த மலையில் அதற்குப் பஞ்சமே இல்லை. சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தூளாக்கும் ஒரு பாட் லீஃப் தேயிலைத் தொழிற்சாலைக்குள் போய்ப் பாருங்கள். ஒரு கிலோ தூளுக்கு நாலு, நாலரை கிலோ பச்சை இலை போகிறது. மீதி எல்லாம் தண்ணீர். அதை ஓட்டத்தான் விறகும் கரண்டும். வாட்டும் தொட்டிகளின் மின்விசிறிகள் இரவு முழுக்க ஓடும். இலை மழையில் நனைந்து வந்ததா, வெயிலில் வந்ததா என்று பார்த்து விசிறியின் வேகம் மாறுவது அரிது. டிரையருக்குக் காற்றைச் சூடாக்கும் அடுப்பில் ஈர விறகு போட்டால் பாதிச் சூடு விறகின் ஈரத்தை ஓட்டவே போய்விடும். இதில் எதை எடுத்தாலும் ஓர் ஆற்றல் ஆராய்ச்சித் தலைப்பு இருக்கிறது. பிரச்சினையின் சொந்தக்காரர் தொழிற்சாலை மேலாளர். அவரிடம் மின் கட்டண ரசீதும் விறகுக் கணக்கும் மாதாமாதம் இருக்கும்.

பாதுகாப்புப் பக்கம் வந்தால் கூடலூர், பந்தலூரில் யானை ஊருக்குள் வருவதை முன்கூட்டி அறிவது, எஸ்டேட் எல்லைக் காவல், மண்சரிவு எச்சரிக்கை என்று பட்டியல் நீளும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய மாவட்டம் இது. வெலிங்டனில் ராணுவம் இருக்கிறது. அருவங்காட்டில் நூறாண்டு தாண்டிய வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கிறது. 2021 முதல் அது மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ். அந்தத் தொழிற்சாலைக்காகவே காட்டேரியில் தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுத்தார்கள். அப்படிப் பார்த்தால் ஆற்றலும் பாதுகாப்பும் இந்த மலையில் சேர்ந்தே வந்தவை.

புதியவர்கள் தொகை பெரிது என்று பாதுகாப்புப் பக்கமே ஓடுகிறார்கள். என்னைக் கேட்டால், முதல் திட்டத்துக்குத் தேயிலைத் தொழிற்சாலைதான் நல்லது. நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது, உள்ளே விடுவார்கள், முடிவு ஒரு சீசனிலேயே ரசீதில் தெரியும். ராணுவத்தின் பிரச்சினையை அப்படிப் பக்கத்தில் நின்று பார்க்க முடியாது.

எதை எடுத்தாலும் சொந்தக்காரரிடமிருந்து ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள். ‘இந்தப் பிரச்சினை எங்களுக்கு உண்டு, இன்னார் செய்யும் கருவியை எங்கள் இடத்தில் சோதித்துப் பார்க்க அனுமதிப்போம்’ என்று நிறுவனத் தாளில், முத்திரையோடு. வாங்கிக்கொள்கிறோம் என்ற உறுதி வேண்டாம், கேட்டால் பயந்துவிடுவார்கள். இந்த ஒரு தாள் பத்துப் பக்க சந்தை ஆய்வை விட அதிகம் பேசும்.

2. பிரச்சினையை எண்களில் எழுதுங்கள்

இங்கேதான் மலைக்காரருக்குச் சாதகம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம்: காட்டோரத்தில் தனியாக நிற்கும் ஒரு காவல் பெட்டி. உள்ளே சிறு கேமரா, அதிர்வு உணரி, ரேடியோ. மேலே சோலார் பலகை, கீழே பேட்டரி. ஆற்றலும் பாதுகாப்பும் ஒரே பெட்டியில்.

சராசரியாக 3 வாட் இழுக்கிறது என்றால் ஒரு நாளைக்கு 72 வாட்-மணி. ஜூன், ஜூலையில் ஐந்து நாள் வெயிலே எட்டிப் பார்க்காமல் போனாலும் ஓட வேண்டும் என்றால் 360. பேட்டரியின் கொள்ளளவில் 80 சதவீதத்தைத்தான் பயன்படுத்துவோம் என்று வைத்தால் 450. 12.8 வோல்ட் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) அடுக்கில் அது சுமார் 35 ஆம்பியர்-மணி. கோவைக்காரர் ஆண்டுச் சராசரி வெயிலை வைத்துக் கணக்குப் போட்டு இதில் பாதி பேட்டரி வைப்பார். மார்ச்சில் அருமையாக ஓடும், பருவமழையில் படுத்துவிடும். மழைக்காலத்தில் ஒரு நாளைக்கு முழு வெயில் 2 மணி நேரத்துக்குச் சமம் என்று எடுத்து, இழப்புக்கு 30 சதவீதம் கழித்தால், அன்றாடச் செலவை ஈடுகட்டவே 50 வாட்டுக்குச் சற்று மேலான பலகை வேண்டும். இறங்கிய பேட்டரி மீண்டும் ஏறவும் வேண்டுமே. அதற்கு இன்னும் பெரியது.

அடுத்து உறைபனி. டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா, காந்தல் பக்கம் விடியற்காலை புல் வெளுத்துக் கிடக்கும். எல்எஃப்பி செல்லைப் பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. லித்தியம் உள்ளே நுழையாமல் எதிர்மின்முனை மேல் உலோகமாகப் படிந்துவிடும், செல் நிரந்தரமாகக் கெடும். சிக்கல் என்னவென்றால் முதல் வெயில் பலகையில் விழும் நேரம்தான் பெட்டிக்குள் செல் மிகக் குளிர்ந்திருக்கும் நேரம். பலகை உடனே மின்சாரம் தரத் தொடங்கும், செல் இன்னும் பனியில் கிடக்கும். பேட்டரி மேலாண்மைச் சர்க்யூட்டில் குளிரில் சார்ஜை நிறுத்தும் குளிர்வெட்டு இருக்கிறதா, அதன் வெப்ப உணரி செல்லின் உடம்பில் ஒட்டியிருக்கிறதா அல்லது எங்கேயோ தொங்குகிறதா என்று பாருங்கள். சந்தையில் விலை குறைவாகக் கிடைப்பவற்றில் பல இதில்தான் கோட்டைவிடும்.

பிறகு மூடுபனி. ஐபி67 முத்திரை போட்ட பெட்டி வாங்கிவிட்டால் கவலையில்லை என்று நினைப்பார்கள். வெளித்தண்ணீர் நுழையாது, உண்மைதான். ஆனால் நீங்கள் பகலில் மூடியபோது உள்ளே அடைபட்ட ஈரக்காற்று இரவில் குளிர்ந்து மூடியின் உட்புறத்தில் முத்து முத்தாகக் கோர்க்கும், சொட்டும். சில மாதத்தில் திறந்து பார்த்தால் கனெக்டர் கால்களில் பச்சை பூத்திருக்கும். காற்றை விட்டுத் தண்ணீரைத் தடுக்கும் சவ்வு அடைப்பான், போர்டுக்குப் பாதுகாப்புப் பூச்சு, கேபிள் நுழையும் வாய் கீழ்நோக்கி. இந்த மூன்றும் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், லடாக்கிலோ சிக்கிமிலோ நிற்கும் ராணுவக் காவல் நிலைக்கும் இதே தலைவலிதான், அளவு மட்டும் அதிகம். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில், பனியும் மழையும் மூடுபனியும் ஒரே ஆண்டில் வரும் ஒரு சோதனைக்களம் உங்கள் வாசலில் இருக்கிறது. ஊட்டியில் ஒரு பனிக்காலம், ஒரு மழைக்காலம் ஓடிய பதிவைச் சாதாரண எக்ஸெல் தாளாக இணைத்தாலே போதும், சமவெளிப் போட்டியாளரிடம் அது இருக்காது. தேதி, செல் வெப்பம், வோல்ட், பெட்டிக்குள் ஈரப்பதம். இந்த நாலு பத்தியை இன்றே பதியத் தொடங்குங்கள், விண்ணப்பம் பிறகு.

3. எந்தக் கதவு?

உங்கள் யோசனை இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் கதவைத் தீர்மானிக்கும். டிஆர்எல் என்று 1 முதல் 9 வரை ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். தாளில் யோசனை 1, 2. மேசையில் வேலை செய்தால் 4. உண்மையான களத்தில் மாதிரி ஓடினால் 6, 7. நிரூபித்து முடித்த பொருள் 9. மேசையில் ஒரு தடவை ஓடியதை 7 என்று எழுதாதீர்கள். முதல் கேள்வியிலேயே குட்டு வெளிப்படும்.

கையில் யோசனையும் கொஞ்சம் சர்க்யூட்டும் மட்டும் என்றால் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ‘நிதி பிரயாஸ்’ திட்டம். முன்மாதிரி செய்ய 10 லட்சம் வரை, அதற்கென்று தேர்ந்தெடுத்த தொழில் ஊக்குவிப்பு மையங்கள் வழியாக வரும். மாநிலத்தில் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனத்தின் புத்தாக்க வவுச்சர் இருக்கிறது. ஆரம்ப ஆய்வுக்கு 2 லட்சம், அடுத்த கட்டத்துக்கு 5 லட்சம் வரை. தொகை சிறியது, ஆனால் கல்லூரி ஆய்வகத்தையோ சோதனைக்கூடத்தையோ அமர்த்த அது போதும். முதல் வெற்றிக்கு இதைவிட நல்ல இடம் இல்லை என்பேன்.

மாதிரி ஓடுகிறது, நிறுவனமும் பதிவாகிவிட்டது என்றால் மாநில அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் தரும் டான்சீட் நிதி. வழக்கமாக 10 லட்சம். பசுமைத் தொழில்நுட்பம், ஊரக முன்னேற்றம், பெண்கள் நடத்தும் நிறுவனம் என்றால் 15 லட்சம். இதற்கு நிறுவனத்தில் 3 சதவீதப் பங்கு எடுத்துக்கொள்வார்கள். அதைப் பார்த்துச் சிலர் முகம் சுளிப்பார்கள். அரசே பங்குதாரர் என்பது அடுத்த கதவைத் தட்டும்போது உதவவே செய்யும்.

பாதுகாப்புத் துறையின் வாசல் ஐடெக்ஸ். 2018 ஏப்ரலில் சென்னைக்குப் பக்கத்தில் திருவிடந்தையில் நடந்த பாதுகாப்புக் கண்காட்சியில்தான் பிரதமர் அதைத் தொடங்கிவைத்தார். முப்படைகளும் பாதுகாப்பு நிறுவனங்களும் தங்கள் பிரச்சினைகளைச் சவால்களாக அறிவிப்பார்கள். டிஸ்க் என்று பெயர். வென்றால் 1.5 கோடி வரை மானியம், ஆனால் உங்கள் பக்கத்திலிருந்தும் அதே அளவு போட்டுக் காட்ட வேண்டும். ஐடெக்ஸ் பிரைம் 10 கோடி வரை போகும். 2024இல் வந்த அதிதி முக்கியத் தொழில்நுட்பங்களுக்கு 25 கோடி வரை. அறிவித்த சவாலில் உங்கள் விஷயம் இல்லையென்றால், நீங்களே பிரச்சினையைச் சொல்லி வரும் திறந்த சவால் வழியும் உண்டு. டிஆர்டிஓ நடத்தும் தொழில்நுட்ப மேம்பாட்டு நிதி இன்னொன்று: திட்டச் செலவில் 90 சதவீதம், 50 கோடி வரை. பெரிய பட்டறை, அனுபவமுள்ள குழு இருப்பவர்களுக்கானது. இப்போதைக்குப் பெயரை மட்டும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஆற்றல் பக்கம் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் அமைச்சகத்துக்குச் சொந்த ஆராய்ச்சித் திட்டம் இருக்கிறது. தனியார் நிறுவனங்களுக்குத் திட்டச் செலவில் 70 சதவீதம் வரை தரும். ஒரு பல்கலைக்கழகத்தோடு கூட்டுச் சேர்ந்து போவதே அங்கே நல்லது.

கவனியுங்கள்: இந்தத் திட்டங்கள் ஆண்டு முழுக்கத் திறந்திருப்பதில்லை. அழைப்பு வரும், சில வாரத்தில் மூடிவிடும். அழைப்பு வந்த பிறகு எழுத உட்கார்ந்தால் வாரக்கடைசியில் சார்ட்டர்ட் அக்கவுண்டண்டைத் தேடி மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிக்கொண்டிருப்பீர்கள்.

4. காகிதங்கள்

தனி உரிமையாளர் நிறுவனமாக இருந்தால் மத்திய அரசின் ஸ்டார்ட்அப் அங்கீகாரம் கிடைக்காது. பிரைவேட் லிமிடெட், எல்எல்பி (வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மை), பதிவு செய்த கூட்டு நிறுவனம் போன்றவற்றில் ஒன்று வேண்டும். இரண்டு பேர் என்றால் எல்எல்பி செலவு குறைவு. வெளியிலிருந்து முதலீடு வாங்கும் எண்ணம் இருந்தால் பிரைவேட் லிமிடெட். அங்கீகாரமும், குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான உத்யம் பதிவும் இலவசம், அரசுத் தளத்திலேயே முடியும். உத்யம் பதிவுக்குக் கட்டணம் கேட்கும் தளம் எதுவானாலும் இடைத்தரகர்தான்.

5. ஊக்குவிப்பு மையம்

நேரடியாக டெல்லிக்கு எழுதுவதை விடக் கோவையில் ஒரு மையத்தோடு சேர்ந்துகொள்வது புத்திசாலித்தனம். பல திட்டங்களில் பணமே அவர்கள் வழியாகத்தான் வரும். பிஎஸ்ஜி-ஸ்டெப் பழைய கை. பாதுகாப்பு என்றால் கோவை சிறுதொழில் சங்கமான கொடிசியா நடத்தும் பாதுகாப்புப் புத்தாக்க மையம். அது ஐடெக்ஸின் கூட்டாளி மையம். தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனைகளில் கோவையும் ஒன்று என்பதால் அங்கே படை அதிகாரிகள் வந்துபோகும் கூட்டங்கள் நடக்கும். அப்படி ஒரு கூட்டத்தில் ஓரமாக உட்கார்ந்து அவர்கள் எதைப் பற்றிப் புலம்புகிறார்கள் என்று கேளுங்கள். அது முதல் படியின் வேலையும்கூட.

சேரும் முன் மையத்திடம் கேட்க வேண்டியது: வாடகை எவ்வளவு, பங்கு கேட்பீர்களா, மாதம் எத்தனை நாள் நான் நேரில் வர வேண்டும்? மூன்றாவது கேள்வி நமக்கு முக்கியம். பர்லியாறு இறங்கி ஏறுவது காலண்டரில் ஒரு நாளைத் தின்றுவிடும்.

6. மலைக்கே உரிய அனுமதிகள்

சமவெளி வழிகாட்டிகள் எதிலும் இது இருக்காது. ஆனால் இங்கே திட்டம் நிற்பதும் விழுவதும் பல நேரம் இதில்தான்.

காட்டுக்குள் ஒரு கம்பம் நடுவதானாலும் வனத்துறை அனுமதி வேண்டும். முதுமலை போன்ற காப்பகத்துக்குள் ஆராய்ச்சி என்றால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தலைமை வன உயிரினக் காப்பாளர் வரை போகும், மாதக்கணக்கில் ஆகும். என் யோசனை: முதல் கட்டச் சோதனையை ஓர் எஸ்டேட்டின் பட்டா நிலத்தில், உரிமையாளரின் எழுத்து அனுமதியோடு நடத்துங்கள். வன அலுவலகத்துக்கு விவரக் கடிதம் கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள். அதில் வந்த தரவோடு அடுத்த ஆண்டு காட்டுக்குள் கேளுங்கள்.

பெட்டியை மின்வேலியோடு இணைக்கும் எண்ணம் இருந்தால், காட்டை ஒட்டிய நிலங்களில் மின்வேலிக்குப் பதிவும் முன் அனுமதியும் தேவை என்று தமிழ்நாடு 2023இல் விதிகள் கொண்டுவந்திருக்கிறது. நேரடி மின்சாரத்தைக் கம்பியில் விடுவது குற்றம். ‘ஆராய்ச்சிக்காகத்தான் விட்டோம்’ என்பது அங்கே செல்லுபடியாகாது.

ரேடியோவுக்கு 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் தேவையில்லாத பட்டை. குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் தரவு அனுப்பும் லோரா ரேடியோக் கருவிகள் அதில் ஓடும். உரிமம் வேண்டாம் என்றாலும் கருவிக்கு வகை ஒப்புதல் வேண்டும். அமெரிக்கச் சந்தைக்கான 915 மெகாஹெர்ட்ஸ் மாட்யூலை இணையத்தில் மலிவாக வாங்கிப் போட்டுவிடாதீர்கள். இங்கே அது உரிமம் பெற்ற பட்டைக்குள் விழும்.

டிரோன் என்றால் 2021 டிரோன் விதிகள். டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் இடம் பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று பறக்கவிடும் முன் ஒவ்வொரு தடவையும் பாருங்கள். வெலிங்டன், அருவங்காடு சுற்றுவட்டாரத்தில் ‘சும்மா ஒரு டெஸ்ட்’ என்று எடுத்துப் போகவே வேண்டாம்.

7. வாயைத் திறக்கும் முன் காப்புரிமை

கண்காட்சியில் காட்டினாலோ வீடியோ போட்டாலோ புதுமை போய்விடும். முதலில் தற்காலிக விவரக்குறிப்பைத் தாக்கல் செய்யுங்கள். முழு விவரத்துக்கு 12 மாத அவகாசம் கிடைக்கும். அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப்புக்குக் கட்டணத்தில் 80 சதவீதச் சலுகை உண்டு.

8. விண்ணப்பத்தை எழுதுவது

முதல் பத்தியில் பிரச்சினை, அதன் சொந்தக்காரர், இன்று அவர் படும் செலவு. இரண்டாவது பத்தியில் இன்று சந்தையில் இருப்பவை ஏன் தோற்கின்றன; இங்கே உங்கள் பனிக்காலத் தாள் வரும். மூன்றாவதில்தான் உங்கள் கருவி. தமிழில் யோசித்து முடித்த பிறகு ஆங்கிலத்தில் எழுதுங்கள். விண்ணப்பங்கள் ஆங்கிலத்தில்தான் கேட்கப்படுகின்றன. ‘புரட்சிகரமான’, ‘உலகத் தரம்’ போன்ற சொற்களை அடித்துவிடுங்கள். ‘மைனஸ் 5 டிகிரியில் 12 மணி நேரம் வைத்தபின் சார்ஜ் ஏற்பு’ என்று ஒரு வரி போதும்.

மைல்கற்களை யோசித்து வையுங்கள், பணம் அவற்றைத் தாண்டும்போதுதான் வரும். ‘மென்பொருள் 50 சதவீதம் முடிந்தது’ என்பது மைல்கல் இல்லை, யாரும் அளக்க முடியாது. ‘ஐந்து பெட்டிகள் எஸ்டேட் எல்லையில் 30 நாள் இடைவிடாமல் ஓடின, தரவு இணைப்பு’ என்றால் ஆய்வுக்கு வருபவர் டிக் போட்டுவிட்டுப் போவார். பருவத்தையும் பாருங்கள். உறைபனிச் சோதனையை மே மாதத்தில் வைத்து எழுதிய அட்டவணை ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் ஊட்டிக்குச் சுற்றுலாவாவது வந்திருப்பார்.

செலவுப் பட்டியலில் நிலம், கட்டடம் வேண்டாம், வெட்டிவிடுவார்கள். சோதனைக்கூடக் கட்டணம், ஜிஎஸ்டி, கெட்டுப்போகும் உதிரிகள், கோவைப் பயணம் இவற்றை மறக்காமல் போடுங்கள். ஐந்து பெட்டிக்குப் பணம் கேட்டால் ஏழு பெட்டிக்கு உதிரி கணக்கிடுங்கள். ஒன்றை யானை மிதிக்கும், ஒன்றைக் குரங்கு பிரிக்கும்.

நேர்காணலில் படை அதிகாரி இருந்தால் கேட்பது எளிய கேள்வியாகத்தான் இருக்கும்: எடை எவ்வளவு, கையுறை போட்ட கையால் திறக்க முடியுமா, பேட்டரியின் செல் எந்த நாட்டுது? கடைசிக் கேள்விக்கு மழுப்பாதீர்கள். சீன செல் என்றால் அப்படியே சொல்லி, மாற்று எங்கே கிடைக்கும், எவ்வளவு கூடும் என்பதையும் சொல்லுங்கள்.

9. பணம் வந்த பிறகு

கொண்டாட்டத்துக்கு ஒரு நாள் எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் வங்கிக்குப் போய் இந்தத் திட்டத்துக்கென்று தனிக் கணக்குத் திறங்கள். அரசு மானியத்தில் சேரும் வட்டி உங்களுடையது ஆகாது. அதைக் கணக்கில் காட்டித் திருப்பித் தர வேண்டும். வீட்டுச் செலவுக்கு ‘அடுத்த வாரம் போட்டுவிடலாம்’ என்று அந்தக் கணக்கில் கை வைத்தவர்களின் கதை நன்றாக முடிந்ததே இல்லை.

ஒவ்வொரு தவணைக்கும் பயன்பாட்டுச் சான்றிதழ் கேட்பார்கள். மத்திய நிதி விதிகளில் 12-ஏ என்ற படிவம், ஆடிட்டர் கையொப்பத்தோடு. அது சரியாகப் போகாவிட்டால் அடுத்த தவணை வராது. ஆகவே முதல் நாளிலிருந்தே மூன்று பழக்கம். ரொக்கமாக வாங்காதீர்கள். விலைப்புள்ளிகளைக் கோப்பில் வையுங்கள். வாங்கிய கருவிக்கு எண் ஒட்டிச் சொத்துப் பதிவேட்டில் ஏற்றுங்கள். மானியத்தில் வாங்கிய ஆஸிலோஸ்கோப்பைத் திட்டம் முடிந்ததும் அனுமதி இல்லாமல் விற்க முடியாது. மானியத்தை வருமான வரிக் கணக்கில் எப்படிக் காட்டுவது என்பதையும் அப்போதே ஆடிட்டரிடம் பேசிவிடுங்கள், மார்ச் கடைசி வாரத்தில் வேண்டாம்.

இதைவிடப் பெரிய சிக்கல் பண ஓட்டம். மைல்கல்லை முடித்து, அறிக்கை அனுப்பி, ஆய்வு நடந்து, தவணை வருவதற்குள் மாதங்கள் ஓடும். பையன்களுக்குச் சம்பளம் ஒன்றாம் தேதி. நாலைந்து மாதச் செலவுக்குக் கையிருப்போ, இணையாக ஒரு சின்ன வருமானமோ இல்லாமல் ஐடெக்ஸ் அளவுத் திட்டத்தில் இறங்காதீர்கள். நீலகிரியில் இன்வெர்ட்டர் சர்வீஸ், சோலார் வாட்டர் ஹீட்டர் பராமரிப்பு என்று ஒரு பக்க வருமானம் வைத்திருப்பவர்கள்தான் தாக்குப்பிடிக்கிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

10. சோதனை, விற்பனை

ராணுவத்துக்கான மின்னணுக் கருவி என்றால் ஜேஎஸ்எஸ் 55555 என்ற சுற்றுச்சூழல் சோதனைத் தரம் கேட்பார்கள்: வெப்பம், குளிர், அதிர்வு, ஈரம், உப்புப் படலம். மின்காந்தக் குறுக்கீட்டுச் சோதனைக்குச் சென்னையில் சமீர், மோட்டார், பம்பு வகைச் சோதனைகளுக்குக் கோவையில் சிட்டார்க். தேதி கிடைப்பது கடினம். மாதிரி முடிந்த பிறகு பதிவு செய்யலாம் என்று இருக்காதீர்கள். முதல் தடவை தேறாது என்று வைத்து இரண்டு தடவைக்குப் பட்ஜெட் போடுங்கள்.

விற்பனைக்கு அரசின் இணையக் கொள்முதல் தளமான ஜெம்மில் பதிவு செய்யுங்கள். உத்யம் பதிவு இருந்தால் மத்திய டெண்டர்களில் வைப்புத்தொகை விலக்கு உண்டு. மத்திய அரசு நிறுவனங்கள் தங்கள் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்ற கொள்கையும் இருக்கிறது. முன் அனுபவம், முந்தைய விற்றுமுதல் போன்ற நிபந்தனைகளை ஸ்டார்ட்அப்புக்குத் தளர்த்தலாம். ஆனால் டெண்டரில் அந்த வரி இருக்கிறதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். இல்லையென்றால் டெண்டருக்கு முந்தைய கூட்டத்தில் எழுத்தில் கேளுங்கள். ராணுவ ஆர்டர் வரும் வரை எஸ்டேட்டுகளும் தொழிற்சாலைகளும்தான் சோறு போடும். அவர்களுக்கு அதே பெட்டியை ராணுவச் சான்றிதழ் இல்லாமல், விலை குறைத்துத் தனி மாடலாக விடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து விசாரணை வந்தால் விலை சொல்வதற்கு முன் ஸ்கோமெட் பட்டியலைப் பாருங்கள். ராணுவத்துக்கும் பொதுமக்களுக்கும் இரண்டுக்கும் பயன்படக்கூடிய பொருள்களை, தொழில்நுட்பங்களை ஏற்றுமதி செய்ய அதன்படி உரிமம் வேண்டும். வெளிநாட்டு வர்த்தக இயக்ககம் தரும். வரைபடத்தை மின்னஞ்சலில் அனுப்புவதுகூட ஏற்றுமதிக் கணக்கில் வரலாம் என்பதால், கேட்டவருக்குப் பதில் எழுதும் முன்னரே ஒரு தடவை ஆலோசகரிடம் காட்டிவிடுங்கள்.